வாசகம் அண்ணனும் பதினோராம் ஷரத்தும்

பினாங்குத் துறைமுகத்துக்குக் கப்பல் வர ஆரம்பித்த நாளிலிருந்து இன்றுவரை, வாசகம் அண்ணனைப் போல் மோசமாகக் கடிதம் எழுதிய கிராணி ஒருவர் பிறந்ததில்லை. அவரைப் போல் அழகாக எழுதத் தெரிந்த கிராணியும் பிறந்ததில்லை. இரண்டும் ஒரே ஆளாக வந்து உட்கார்ந்ததுதான் எங்கள் முதலாளியின் கிரகசாரம்.

நான் சொல்வது முதல் யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழிந்த சமயம். ரப்பர் விலை விழுந்து, பீச் ஸ்ட்ரீட்டில் வாரத்துக்கு ஓர் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. எங்கள் முதலாளிக்கு வெல்ட் கீ கரையில் நாலு தொங்காங் படகுகள் இருந்தன. தள்ளி நிற்கும் கப்பலிலிருந்து மூட்டைகளை இறக்கிக் கரை சேர்ப்பது தொழில். அறுபது கூலியாட்கள், கணக்கும் கடிதமும் எழுத இரண்டே கிராணிகள். பெரிய கிராணி வாசகம் அண்ணன். சின்ன கிராணி நான்.

அண்ணனுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, கக்கத்தில் குடை, இப்போதுதான் யாரையோ அடக்கம் செய்துவிட்டு நேராக ஆபீசுக்கு வந்தவர் போன்ற முகம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ரொம்பச் சந்தோஷம் வந்தால் இருமுவார். கல்யாணம் ஆகவில்லை. மாதா கோயிலுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் இருந்தார். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் "வாசகம் சரியில்லையே" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் வந்த பெயர். ஞானஸ்நானப் பெயரைச் சம்பளப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

எங்களிடம் வருவதற்கு முன் பதினாறு வருஷம் அவர் வேறோர் இடத்தில் இருந்தார். எங்களுக்கு நாலு கட்டடம் தள்ளி, வெள்ளைக்காரர்கள் நடத்திய படகுக் கம்பெனி. எங்களிடம் நாலு படகு என்றால் அவர்களிடம் நாற்பது. நாங்கள் அதைப் பெரிய கம்பெனி என்போம். அங்கே தமிழில் வெளியான ஒவ்வொரு ரசீதும் கடிதமும் ஒப்பந்தமும் சுவரில் ஒட்டிய நோட்டீசும் அண்ணன் எழுதியவை. மார்க்கெட் ஸ்ட்ரீட் கடைக்காரர்கள் அந்த ரசீதுகளை வாய்விட்டுப் படித்துக் காட்டுவார்களாம். விலை விழுந்த வருஷம் அங்கே ஆட்களைக் குறைத்தார்கள். அண்ணனும் அதில் போனார்.

கடைசி நாளன்று வாசலில் காவலிருந்த ஜாகாக்காரர் வழக்கம்போல் அவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். அண்ணன் போகவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு பேனா முள்ளை எடுத்து, "இது கம்பெனியோடது" என்று மேஜைமேல் வைத்தார். அப்புறமும் அங்கேயே நின்றார். இதை என்னிடம் அவரே சொன்னார்.

"பைய அவன் பாத்துட்டான் தம்பி. தலைக்குள்ள இருக்கறத அவனால பாக்க முடியாதே. அத நான்தானே சோதிச்சுப் பாக்கணும்?"

எங்கள் முதலாளி அவரைச் சேர்த்துக்கொண்டதே அந்தத் தலைக்காகத்தான். "ஃபாரமெல்லாம் அந்த ஆளு மண்டைக்குள்ள இருக்குலா! மேல நம்ம பேரப் போட்டு இறக்கிட வேண்டியதுதான்" என்று என்னிடம் குஷியாகச் சொன்னார். அண்ணன் வந்து நாற்காலியில் உட்காருமுன் கேட்டும் விட்டார்.

"அது முடியாதுங்க" என்றார் அண்ணன். "அங்க சம்பளம் வாங்கிட்டு எழுதினது அங்கதான் இருக்கணும். உங்களுக்குப் புதுசா எழுதித் தரேன்."

"எழுதினது நீங்கதானய்யா?"

"உங்க வீட்டக் கட்டின கொத்தனாரு நாளைக்கு வந்து செவுத்தப் பேத்துக்கிட்டுப் போனா விடுவீங்களா?"

"நான் செவுத்தையா கேக்கறேன்? ரசீதத்தானே கேக்கறேன்!" என்று முதலாளி கத்தினார். அண்ணன் புதுப் பேனா முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வினை அங்கே ஆரம்பித்தது. பதினாறு வருஷத்தில், ஒரு கம்பெனிக்குத் தமிழில் வேண்டியிருக்கும் நல்ல வாக்கியம் அத்தனையையும் அவர் பெரிய கம்பெனிக்கே எழுதித் தீர்த்திருந்தார். எங்களுக்குக் கிடைத்தது மிச்சம்.

'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று ஊரே எழுதும். அண்ணன் எழுத மாட்டார், அங்கே எழுதியாயிற்று. எங்களுக்கு அவர் எழுதியது: 'தாங்கள் அனுப்பிய காகிதம் நனையாமல் எங்கள் கையில் விழுந்தது.' மார்க்கெட் ஸ்ட்ரீட் மளிகைக்காரர் ஒருவர் இதைப் படித்துவிட்டு நேரில் வந்தார். "நான் எப்பங்க ஈரக் காயிதம் அனுப்பினேன்?" என்று கேட்டார்.

'இப்படிக்கு' என்பதும் அங்கே போய்விட்டது. ஆகவே கடிதத்தின் அடியில் 'இதற்குமேல் உங்களிடம் சொல்ல ஒன்றுமில்லை' என்று போட்டுக் கையெழுத்திடுவார். பத்து வருஷமாக எங்களிடம் சரக்கு ஏற்றிய ஒரு வெற்றிலை வியாபாரி அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்தபடி வந்து, முதலாளி எதிரில் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். "சொல்ல ஒண்ணுமில்லன்னுட்டீங்களே, நான் என்ன பண்ணினேன்?" என்றார். அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

ரசீது இன்னும் மோசம். 'சரக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்' என்று எழுத வேண்டிய இடத்தில், 'மூட்டைகளை வெளிப்புறம் பார்த்தோம். உள்ளே இருப்பதைப் பற்றி எங்களுக்குத் தெரியாது' என்று எழுதினார். அரிசி மண்டிக்காரர், "உள்ள என்ன, பொணமா இருக்கு?" என்று சூலியா ஸ்ட்ரீட் முனைவரை கேட்கும்படி கத்தினார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் நோட்டீஸ். படகுத்துறைக்கு வேற்றாள் வராமலிருக்க ஒரு பலகை வேண்டும் என்றார் முதலாளி. 'உள்ளே வரக் கூடாது' என்பது பெரிய கம்பெனியில் தொங்குகிறது. அண்ணன் இரண்டு நாள் யோசித்து, 'வெளியிலேயே இருக்கவும்' என்று எழுதி மாட்டினார். மறுநாள் காலை அறுபது ஆட்களும் வெளியிலேயே இருந்தார்கள். கப்பல்காரன் சங்கு ஊதி ஊதிக் களைத்துப்போனான். "கம்பெனி ஹாபீஸ்! முடிஞ்சுதுலா!" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

ஒருநாள் நான் கேட்டேன். "கோயில்ல செபம் மட்டும் எல்லாரும் சொல்றதையே சொல்றீங்களே அண்ணே, அது பரவாயில்லையா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "அது எந்தக் கம்பெனிக்கும் எழுதினதில்ல தம்பி."

இப்படிச் சிரித்துக்கொண்டே ஒரு வருஷம் போயிற்று. மிச்சத்தைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வராது.

கூலியாட்களோடு எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்று எங்களுக்கு வேண்டியிருந்தது. வேலை நேரம், லீவு, காய்ச்சல் வந்தால் என்ன, செத்துப்போனால் என்ன எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெரிய கம்பெனியின் ஒப்பந்தத்தை ஒரு காலத்தில் அண்ணன்தான் எழுதினார். ஊரிலேயே நல்ல ஒப்பந்தம் அதுதான் என்பார்கள். எங்களுடையதை அவர் நாலு மாதமாக எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஷரத்தாக எழுதுவார், "இது அங்க உள்ளது" என்று கிழிப்பார். குப்பைக் கூடை நிறைந்துகொண்டே வந்தது.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டார். இரண்டாம் நாளே முதலாளி ஒரு காகிதத்தை என் மேஜைமேல் வைத்தார். நாலாக மடித்த, வெற்றிலைக் கறை படிந்த காகிதம். பெரிய கம்பெனியிலிருந்து விலகி எங்களிடம் சேர்ந்த ஒருவனின் மடியிலிருந்து வாங்கிய ஒப்பந்தம்.

"அவங்க பேரு எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் நம்ம பேரப் போடு. நாளைக்கு அச்சாபீசுக்குப் போகணும்."

"அண்ணன் வந்தா…"

"அண்ணன் வர்றதுக்குள்ளதான் போகணும்."

நான் உட்கார்ந்து பெயர் மாற்றினேன். பாவம் புண்ணியம் எதுவும் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை என்பதே உண்மை. அழகான தமிழாக இருக்கிறதே, இப்படி ஒன்று நம்மிடம் இல்லையே என்றுதான் நினைத்தேன். மாற்றிய இடங்களை எண்ணிக் குறித்துக்கொண்டேன். இருபத்திரண்டு. அடுத்த வாரம் அறுபது பேரும் பெருவிரல் மையில் தோய்த்து அச்சுப் பதித்தார்கள்.

காய்ச்சல் விட்டு வந்த அண்ணன் அந்தக் காகிதத்தை எடுத்தார். முதல் வரியைப் படித்தார். இரண்டாம் வரியைப் படிக்கவில்லை. சூடான பாத்திரத்தை இறக்குகிற மாதிரி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"யாரு இத எடுத்துட்டு வந்தது?"

நான் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். முதலாளி உள்ளிருந்து, "நான்தான்! ஒங்களால முடியல, நான் முடிச்சேன்" என்றார்.

"இத நான் கையால தொட மாட்டேன்" என்றார் அண்ணன். அப்படியே தொடவும் இல்லை. யார் ஒப்பந்தம் பற்றிக் கேட்டாலும் என்னைக் காட்டுவார். என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஆறு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் கப்பலிலிருந்து அரிசி மூட்டைகளை இறக்கும்போது கயிறு அறுந்தது. கீழே படகில் நின்றிருந்தவன் சடையன். மூட்டைகளை அகற்றி அவனை எடுக்கும்போது உயிர் இல்லை. முப்பது வயது. வெல்ட் கீ பக்கத்துக் கொட்டகையில் பெண்டாட்டி அஞ்சலையும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். மூன்றாவதாகப் பிறந்ததைப் போன வருஷம்தான் புதைத்திருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து அஞ்சலை ஆபீசுக்கு வந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ஊருக்குப் போக வேண்டும். நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டால் போதும் என்றாள். "செத்துப்போனா பொண்டாட்டி புள்ளைங்கள கம்பெனி ஊருக்கு அனுப்பும்னு காயிதத்துல இருக்குன்னு அவரு சொன்னாருங்க."

இருந்தது. பதினோராம் ஷரத்து. முதலாளி காகிதத்தை வாங்கிப் படித்தார். முகம் மெதுவாக மாறியது. திரும்பவும் படித்தார். பிறகு அவள் கையிலேயே கொடுத்தார்.

"இதுல பெரிய கம்பெனி அனுப்பும்னு போட்டிருக்கும்மா. அங்க போய்க் கேளு."

இருபத்திமூன்றாவது இடம் அது. நான் விட்டுவிட்டேன்.

அஞ்சலை நாலு கட்டடம் நடந்து பெரிய கம்பெனிக்குப் போனாள். அவன் எங்கள் ஆளே இல்லை என்று அனுப்பினார்கள். திரும்பி வந்தாள். எங்கள் ஆபீஸ் வாசல் நடைபாதையில் ஒரு தூணோரம் குழந்தைகளோடு உட்கார்ந்தாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். "ஒருத்திய அனுப்பினா நாளைக்கு நாலு பேரு நிப்பாங்கலா" என்று முதலாளி பின்வாசல் வழியாகப் போய்வர ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் அண்ணன் வெளியே போய் அவளிடம் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். தொட மாட்டேன் என்று சொன்னபின் அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசிவரை படித்தார். உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தன எடம் மாத்தினே தம்பி?"

"இருவத்திரண்டு அண்ணே."

"இருவத்திமூணு. எழுதினவன் நானு, எனக்குத் தெரியும்." பதினோராம் ஷரத்தில் விரலை வைத்தார். "அன்னிக்கே ஒரு தடவ படிச்சிருந்தா கண்ணுல பட்டிருக்கும். ரோசம். தொட மாட்டேன்னு ரோசம். அந்தப் பொண்ணு வெளிய ஒக்காந்திருக்கு."

அன்று சாயங்காலம் அவளுக்காக சர்க்காரின் தொழிலாளர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதினார். பெரிய கம்பெனியில் இருந்தபோது விதவைக்கு மனு எழுதியதில்லை. ஆகவே எந்த வாசகத்தையும் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. அவர் எழுத்து எப்படிப்பட்டதென்று அன்றுதான் பார்த்தேன். 'என் புருஷன் இவர்களுடைய மூட்டைக்குக் கீழே செத்தார். காகிதத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது. காலையில் அவர் யாருடைய படகில் ஏறினார் என்று எனக்குத் தெரியும்.' இதை நான் இன்னும் மறக்கவில்லை.

விசாரணைக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு வெள்ளைக்கார துரை. தமிழ் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர். எங்கள் முதலாளி, காகிதத்தில் தம் பெயர் இல்லை என்றார். பெரிய கம்பெனியின் தலைமைக் கிராணி வந்திருந்தார். அவர் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துவிட்டுக் குதித்தார்.

"ஆளு எங்க ஆளு இல்லைங்க. ஆனா வாசகம் அத்தனையும் எங்களுது! கால்புள்ளிகூட எங்களுது! இது திருட்டுங்க. இத எடுத்தவன் யாருன்னு எங்களுக்குத் தெரியணும்."

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். ஒரு கம்பெனியின் காகிதத்தைத் திருடினவன் என்று பெயர் வந்துவிட்டால், பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கதவும் திறக்காது. முதலாளி கூரையைப் பார்த்தார்.

"யார்," என்றார் துரை, "இந்த காயிதம் எழுதினான்?"

என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். என் தகப்பனார் கண் தெரியாமல் வீட்டில் இருந்தார். இவையெல்லாம் நான் அப்புறம் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்கள். அந்தக் கணத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. நான் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் எழுந்து நின்றார். குடை கீழே விழுந்தது. அதை எடுக்கவில்லை.

"நான்தாங்க எழுதினேன். ஒரு வரி விடாம என் வாசகம்."

"பேர் தப்பு எப்படி?"

"சரிபாக்க வேண்டிய பெரிய கிராணி நான். பாக்கல. சடையன் எங்க படகுல வேல பாத்த ஆளு. சேந்த அன்னிக்கு அவன் பேரப் பதிஞ்சதும் நான்தான். அனுப்ப வேண்டியது எங்க கம்பெனி."

பெரிய கம்பெனித் தலைமைக் கிராணி, பதினாறு வருஷம் அவர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவர், "நீயா? நீயா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் துரையைப் பார்த்தபடியே நின்றார்.

துரையின் உத்தரவுப்படி, எங்கள் கம்பெனி செலவில், அஞ்சலையும் குழந்தைகளும் அடுத்த கப்பலில் போனார்கள். வழியனுப்ப அண்ணன் வந்திருந்தார்; அதற்கு அவருக்கு நேரம் இருந்தது, ஏனென்றால் விசாரணை முடிந்த அன்றே முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். சின்னக் குழந்தை படகில் ஏறும்போது அவருக்கு டாட்டா காட்டியது. அவர் இருமினார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது எனக்கு விளங்கச் சில நாள் பிடித்தது. எழுதினது அவர்தான். சரிபார்க்காததும் அவர்தான். எடுத்தது யார் என்று தலைமைக் கிராணி கேட்டார். எழுதினது யார் என்று துரை கேட்டார். அண்ணன் துரைக்கு மட்டும் பதில் சொன்னார். மிச்சத்தை ஊர் தானாகவே முடித்துக்கொண்டது.

அதன்பின் அவரை ஒருவரும் சேர்க்கவில்லை. ஒரு கடையில் அவர் உள்ளே நுழைந்ததும் மேஜைமேலிருந்த காகிதங்களைக் கவிழ்த்து வைத்தார்களாம். கடைசியில் கோயில் சாமியார் இரங்கி, கல்லறைத் தோட்டத்தின் அடக்கப் பதிவேட்டை எழுத வைத்துக்கொண்டார். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"இதுல வாசகமே கெடையாது தம்பி. பேரு, வயசு, தேதி. நிம்மதி" என்றார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்த நேரம் பார்த்து நான் அங்கே போவேன். கல்லறைச் சுவரோரம் ஒரு பெஞ்சு உண்டு. ரொட்டியும் காபியும் வாங்கிப் போவேன். அவர் ரொட்டியைக் காபியில் தோய்த்துச் சாப்பிட்டபடி, அந்த வாரம் யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்று சொல்வார். யாருக்கு எத்தனை பேர் வந்தார்கள், யாருக்கு ஒருவருமே வரவில்லை என்று சொல்வார். ஒருவரும் வராதவர்களுக்கு அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்துபோவாராம். "ஒரு ஆளாவது வேணும்ல" என்பார்.

நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, அன்னிக்கு நான் எந்திரிச்சிருக்கணும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு நான் எதாவது பொய் சொன்னேனா?"

"இல்லண்ணே."

"அப்பறம் என்ன? புள்ளைக்குக் காய்ச்சல்னியே, விட்டுச்சா?"

"விட்டுருச்சு."

"சரி. அடுத்த வாரம் ரொட்டி கொஞ்சம் பழுப்பா பாத்து வாங்கிட்டு வா. இது வேகல."

வாங்கிப் போனேன். அதன்பின் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. எனக்காக இல்லாவிட்டாலும், அவரைப் பார்த்துக் காகிதங்களைக் கவிழ்த்து வைத்தவர்களிடமாவது நான் போய்ச் சொல்லியிருக்கலாம். அவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. இருக்கிறவர்கள் இதைப் படிக்கட்டும். அந்த ஒப்பந்தத்தில் பெயரை மாற்றி எழுதியவன் நான்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்குப் பழைய காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை விடவில்லை. அடக்கத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தோம்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாகியும் தெரியவில்லை.